பார்க்காததற்கு நான் போட்ட கையெழுத்து

தமிழ்நாடு அரசின் உள்துறைச் செயலாளர், காவல்துறைத் தலைமை இயக்குநர், சென்னை உயர் நீதிமன்றத் தலைமைப் பதிவாளர் ஆகியோருக்கு,

சென்ற மாதம் நீதித்துறை நடுவர் நீதிமன்றம் ஒன்றில் என்னைப் பிறழ் சாட்சி, அதாவது அழைத்த தரப்புக்கே எதிராகப் பேசும் சாட்சி, என்று அறிவித்தார்கள். கூண்டில் நின்று நான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. பொய் இருந்தது என் முன்னால் நீட்டப்பட்ட தாளில். அந்தத் தாளின் கீழே என் கையெழுத்தும் இருந்தது. அது அங்கே எப்படி வந்தது என்று நீதிமன்றத்தில் யாரும் என்னைக் கேட்கவில்லை. அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

வழக்கு இன்னும் முடியவில்லை. ஆகவே ஊர், காவல் நிலையம், வழக்கு எண், அதிகாரிகளின் பெயர் எதையும் இங்கே எழுதவில்லை. நீங்கள் கேட்டால் எழுத்தில் தனியாகத் தருகிறேன்.

நான் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன். கடையிலிருந்து நாலு கட்டடம் தள்ளிக் காவல் நிலையம், இன்னும் கொஞ்ச தூரத்தில் நீதிமன்ற வளாகம். காவலர்களும் வக்கீல் குமாஸ்தாக்களும்தான் என் வாடிக்கையாளர்கள். 2019-ல் ஒரு நாள் ராத்திரி, எட்டரை மணி இருக்கும். ஷட்டரை இறக்கப் போன நேரத்தில் தெரிந்த காவலர் ஒருவர் வந்தார். "அண்ணே, ஒரு கையெழுத்து வேணும். சார் கூப்பிடுறார்" என்றார்.

போனேன். உள்ளே சுவரோரமாக ஒரு இளைஞன் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். இருபது வயதுக்கு மேல் இருக்காது. மேசை மேல் ஒரு துணிப்பை, பக்கத்தில் ஆறு செல்போன்கள். "இவன்கிட்ட எடுத்தது. மகஜருக்கு ரெண்டு சாட்சி வேணும், நீங்க ஒண்ணு" என்றார் உதவி ஆய்வாளர். பொருளைக் கைப்பற்றியதைச் சாட்சிகள் முன்னிலையில் எழுதி வைக்கும் ஆவணம்தான் மகஜர். மூன்று தாள்களை நீட்டினார்கள். ஒன்றில் பாதி வரை எழுதியிருந்தது. மற்ற இரண்டும் வெறும் தாள். "இது காலியா இருக்கே சார்" என்றேன். "எழுதிக்குவோம், ரைட்டர் சாப்பிடப் போயிருக்கார்" என்றார். அவர் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் மூன்றிலும் கையெழுத்துப் போட்டேன். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. எழுந்து வரும்போது அந்தப் பையன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். ஏதோ சொல்ல வருவதுபோல இருந்தது, ஆனால் சொல்லவில்லை.

நான் செய்தது தப்பு. படிக்காமல், பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன். பயம் ஒரு பக்கம். நாளைக்கும் இதே முகங்களை வைத்துத்தான் பிழைக்க வேண்டும் என்பது இன்னொரு பக்கம். திருடனைத்தானே பிடித்திருக்கிறார்கள், நமக்கென்ன என்ற நினைப்பும் இருந்தது. இந்தக் கடைசி நினைப்பைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

போன வருஷம் சம்மன் வந்தது. நாலு முறை நீதிமன்றத்துக்குப் போய், நாலு முறையும் வாய்தா. ஐந்தாவது முறை வராந்தாவில் வைத்து உதவி அரசு வழக்கறிஞர் ஒரு கட்டைக் கையில் கொடுத்து, "ஒரு தடவை பாத்துக்கோங்க" என்றார். நான் கண்ணால் பார்த்ததாகச் சொல்லப்பட்ட சம்பவத்தை அப்போதுதான் முதன்முதலாகப் படித்தேன். அந்த இளைஞன் அன்று மாலை நாலரை மணிக்கு என் முன்னிலையிலும் இன்னொரு சாட்சியின் முன்னிலையிலும் தானாக முன்வந்து ஒப்புதல் வாக்குமூலம் கொடுத்தானாம். எங்களையும் காவலர்களையும் ஊருக்கு வெளியே ஒரு பாழுங்கிணற்றுக்குக் கூட்டிப் போனானாம். பக்கத்து முட்புதரிலிருந்து துணிப்பையை எடுத்துக் கொடுத்தானாம். அதை ஐந்தேகாலுக்கு மகஜர் மூலம் கைப்பற்றினார்களாம். அந்தக் கிணறு எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. அந்த இன்னொரு சாட்சியை நான் முதன்முதலில் பார்த்ததே நீதிமன்ற வராந்தாவில்தான்.

கூண்டில் ஏறினேன். கையெழுத்து என்னுடையதா என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். அந்த இடத்துக்குப் போனீர்களா என்று கேட்டார்கள். போகவில்லை, நிலையத்தில் ராத்திரி எட்டரை மணிக்குக் கையெழுத்து வாங்கினார்கள் என்றேன். உடனே என்னைப் பிறழ் சாட்சியாகக் கருதிக் குறுக்கு விசாரணை செய்ய அனுமதி கேட்டார்கள், கிடைத்தது. "எதிரியிடம் பணம் வாங்கிக்கொண்டு, அவரைக் காப்பாற்றப் பொய் சாட்சி சொல்கிறீர்கள் என்றால் சரிதானா?" என்றார் அரசு வழக்கறிஞர். எதிரி என்றால் நீதிமன்றப் பேச்சில் குற்றம் சாட்டப்பட்டவர். "சரியல்ல" என்றேன். அதோடு முடிந்தது. இறங்கச் சொல்லிவிட்டார்கள். வெறும் தாளில் கையெழுத்து வாங்கியது யார், அப்போது யார் இருந்தார்கள், நிலையத்தில் கேமரா இருந்ததா, ஒரு கேள்வி இல்லை. எதிர்த்தரப்பு வக்கீல்கூட "குறுக்கு விசாரணை இல்லை" என்று உட்கார்ந்துவிட்டார். நான் சொன்னது அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது போலும்.

அங்கே என்னிடம் காட்டியவை இரண்டு தாள்கள். வாக்குமூலத்தில் ஒரு சாட்சிக் கையெழுத்து, கைப்பற்றுதல் மகஜரில் ஒன்று. நான் போட்டது மூன்று. மூன்றாவதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

அதற்குப் பிறகு ராத்திரிகளில் தூக்கம் போய்விட்டது. கடைக்கு வரும் வக்கீல்களிடம் கேட்டும், அவர்கள் கொடுத்த தீர்ப்புகளைப் படித்தும் என் கையெழுத்துக்கு என்ன கனம் என்று தெரிந்துகொண்டேன். போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது. 1872-ன் சாட்சியச் சட்டத்திலிருந்து இது இருக்கிறது. அடித்து வாங்கியிருக்கலாம் என்ற அச்சம்தான் காரணம். ஆனால் அதே சட்டத்தின் 27-ஆம் பிரிவு ஒரு கதவைத் திறந்து வைத்தது. வாக்குமூலத்தால் ஒரு பொருள் கண்டுபிடிக்கப்பட்டால், அந்தக் கண்டுபிடிப்போடு நேராகச் சம்பந்தப்பட்ட பகுதி மட்டும் செல்லும். இன்றைய புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தில் இது 23-ஆம் பிரிவுக்குள் வந்துவிட்டது. அந்தக் கண்டுபிடிப்பு என்றால் என்ன என்பதை 1946-லேயே புலுக்குரி கோட்டயா வழக்கில், லண்டனில் இருந்த அன்றைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் விளக்கியிருக்கிறது. கிடைத்த பொருள் மட்டும் கண்டுபிடிப்பு ஆகாது. அது எடுக்கப்பட்ட இடமும், அந்த இடம் குற்றம் சாட்டப்பட்டவனுக்குத் தெரிந்திருந்தது என்பதும் சேர்ந்ததுதான் கண்டுபிடிப்பு.

இதைப் படித்தபோது எனக்கு உடம்பு நடுங்கியது. ஆறு செல்போன்கள் மேசை மேல் இருந்ததை நான் பார்த்தேன், அது உண்மை. ஆனால் என் கையெழுத்து சொல்வது அதை அல்ல. அந்த முட்புதர் அவனுக்குத் தெரியும், என் கண்ணெதிரே அவனே போய் எடுத்தான் என்று சொல்கிறது. அவனைத் திருட்டோடு கட்டிப்போடும் கயிறே அந்த ஒரு விஷயம்தான். அதை முறுக்கிக் கொடுத்தது என் கை.

இன்னொன்றும் தெரிந்தது. வீடு புகுந்து சோதனை போடும்போது அந்த வட்டாரத்தைச் சேர்ந்த, சம்பந்தமில்லாத, மதிப்புக்குரிய இருவராவது சாட்சியாக இருக்க வேண்டும் என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 100-ஆம் பிரிவு சொன்னது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் புதிய நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 103-ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. ஆனால் குற்றம் சாட்டப்பட்டவர் சொல்லிப் பொருளை மீட்கும்போது இந்தப் பிரிவு கட்டாயமில்லை என்று 2000-ல் டெல்லி அரசு எதிர் சுனில் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சாட்சி யாரும் இல்லை, அல்லது கையெழுத்துப் போட யாரும் சம்மதிக்கவில்லை என்பதற்காக மட்டும் போலீஸ் எழுதிய ஆவணம் கறைபட்டதாகிவிடாது என்பது அந்தத் தீர்ப்பின் நிலை.

சரி, அப்படியானால் அன்று ராத்திரி என்னை ஏன் கூப்பிட்டார்கள்? சாட்சி கிடைக்கவில்லை என்று உள்ளதை உள்ளபடி எழுதியிருக்கலாமே? சட்டம் அதற்கு இடம் கொடுத்திருக்கிறதே! இந்த மடலில் நான் கேட்க வந்த முதல் கேள்வி இதுதான். சாட்சி இல்லாத மகஜர் ஒரு குறை, அவ்வளவுதான். பொய்ச் சாட்சி வைத்த மகஜர் ஒரு குற்றம். குறையை மறைக்கக் குற்றம் செய்வது நிலையங்களில் அன்றாட வேலையாகிவிட்டது. அதைச் செய்யும் காவலருக்கு அது குற்றமாகவே தோன்றுவதில்லை. அன்று என்னைக் கூப்பிட வந்த காவலர் நல்ல மனிதர். என் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது ரத்தம் கொடுத்தவர். அவருக்குத் தான் செய்வது தப்பு என்ற எண்ணமே இல்லை.

என் கடையில் தினமும் வழக்குக் கட்டுகள் நகலாகின்றன. படிக்கக் கூடாதுதான், ஆனால் நேராக வைத்து எடுக்கும்போது கண்ணில் படும். பத்து மகஜர் எடுத்தால் ஏழில் வாசகம் ஒன்றுபோலவே இருக்கும். "தானாக முன்வந்து", "எங்கள் முன்னிலையில்", "அழைத்துச் சென்று அடையாளம் காட்டி எடுத்து ஆஜர் செய்த". தேதியும் பெயரும் மட்டும் மாறும். சில சமயம் சாட்சி பெயர்கூட மாறாது. ஒரே இரண்டு பேர் மூன்று வெவ்வேறு வழக்குகளில், மூன்று வெவ்வேறு இடங்களில் தற்செயலாக நின்றிருக்கிறார்கள் என்று நானே கவனித்திருக்கிறேன். கிராமப் பக்கம் என்றால் கிராம நிர்வாக அலுவலரும் அவருடைய உதவியாளரும். டவுனில் என்றால் என்னைப் போல நிலையத்துக்குப் பக்கத்தில் கடை வைத்திருப்பவர், ஆட்டோ ஸ்டாண்டில் நிற்பவர்.

இது புதுசும் இல்லை. 1980-ல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ண ஐயர் முன்னால் பிரேம் சந்த் என்பவரின் வழக்கு வந்தது. டெல்லியில் குளிர்பானம் விற்றுப் பிழைத்த மனிதர். போலீஸ் தன்னை மிரட்டி 3,000 வழக்குகளில் சாட்சி சொல்ல வைத்ததாகவும், இனி முடியாது என்று மறுத்ததும் நகரத்தை விட்டே வெளியேற்ற நடவடிக்கை எடுத்ததாகவும் அவர் சொன்னார். நீதிமன்றம் அதைக் கண்டித்தது. நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. குளிர்பானம் போய் ஜெராக்ஸ் மெஷின் வந்திருக்கிறது. மற்றபடி அவரை நிறுத்திய இடத்தில்தான் என்னையும் நிறுத்தினார்கள்.

காவல்துறையின் சங்கடம் எனக்குத் தெரியாமல் இல்லை. தெருவில் நாலு பேரைக் கூப்பிட்டால் நாலு பேரும் ஒதுங்கிப் போவார்கள். காரணமில்லாமல் மறுப்பது குற்றம் என்று சட்டம் சொன்னாலும், அதற்காக யார் மேல் வழக்குப் போட முடியும்? ஜனங்கள் ஒதுங்குவதற்கும் காரணம் இருக்கிறது. ஒரு கையெழுத்துக்கு ஐந்து வருஷம் கழித்து எத்தனை நாள் வருமானத்தை விட வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். 2000-லேயே ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சாட்சிகளின் நிலையைப் பற்றி வேதனைப்பட்டு எழுதியிருக்கிறது. எங்கிருந்தோ வந்து, வாய்தா என்று கேட்டுத் திரும்பிப் போகிறார்கள், உரிய படிப்பணம்கூடக் கிடைப்பதில்லை என்று. சாட்சி வந்து நிற்கும்போது, எழுத்தில் பதிவு செய்த சிறப்புக் காரணம் இல்லாமல் விசாரிக்காமல் தள்ளிப் போடக் கூடாது என்பது புதிய சன்ஹிதாவின் 346-ஆம் பிரிவிலும் இருக்கிறது. நான் நாலு முறை கடையை மூடிவிட்டு நின்றேன். ஒரு முறை கோப்பு வரவில்லை, ஒரு முறை எதிரியைச் சிறையிலிருந்து கூட்டி வரவில்லை. மற்ற இரண்டு முறை என்ன காரணம் என்று எனக்குச் சொல்லவே இல்லை.

அந்தப் பையன் திருடினானா இல்லையா? எனக்குத் தெரியாது. திருடியிருக்கலாம். போன்கள் நிஜமாகவே அவனிடம் கிடைத்திருக்கலாம். அப்படியென்றால் ஒரு உண்மையான வழக்கை இந்தப் பொய் மகஜரே கெடுத்துவிட்டது. போனைப் பறிகொடுத்த ஆறு பேருக்கும் இது அநியாயம்தான். அவன் திருடவில்லை என்றால், அப்புறம் சொல்ல வேண்டியதே இல்லை. இந்த இரண்டில் எது என்று பிரித்துப் பார்க்கத்தான் சாட்சியம் என்று ஒன்றை வைத்திருக்கிறோம். நிலையத்தில் உட்கார்ந்து எழுதிய மகஜர் இந்த இரண்டையும் ஒன்றுபோல ஆக்கிவிடுகிறது.

நீதிமன்றங்கள் இதைக் கையாளும் விதத்தையும் சொல்ல வேண்டும், மரியாதையோடுதான் சொல்கிறேன். மகஜர் சாட்சிகள் பிறழ்ந்தாலும், விசாரணை அதிகாரியின் சாட்சியம் நம்பும்படி இருந்தால் தண்டிக்கலாம் என்பது நிலைத்துவிட்ட சட்டம். அதில் நியாயமும் இருக்கிறது. மிரட்டலுக்கும் காசுக்கும் பணிந்து பேச்சை மாற்றும் சாட்சிகள் உண்டு. அவர்களால் உண்மையான வழக்கு விழுந்துவிடக் கூடாது. ஆனால் இதை என் இடத்திலிருந்து பாருங்கள். நான் "ஆமாம், பார்த்தேன்" என்று சொல்லியிருந்தால் சுதந்திரமான சாட்சி ஆதரித்திருக்கிறார் என்று தீர்ப்பில் வரும். "பார்க்கவில்லை" என்றால் சாட்சி பிறழ்ந்துவிட்டார், ஆனாலும் அதிகாரி சொன்னது போதும் என்று வரலாம். என் சொல் ஒரு பக்கம் மட்டுமே எடை போடப்படுகிறது. காசு வாங்கியவனையும் மனசாட்சிக்குப் பயந்தவனையும் பிரித்துப் பார்க்க நீதிமன்றத்துக்கு வழி இருக்கிறது. நிலையத்தின் பொது நாட்குறிப்பை வரவழைக்கலாம். நாலரை மணிக்கு என் போன் எந்தக் கோபுரத்தில் இருந்தது என்று கேட்கலாம். அந்த நேரத்தில் நான் கடையில் போட்ட பில்களைக் கேட்டிருந்தால் கொண்டுவந்து கொடுத்திருப்பேன். எதுவும் கேட்காமல் ஒரு முத்திரையைக் குத்தி அனுப்புவது எந்த வகையில் விசாரணை?

உச்ச நீதிமன்றம் 2022-ல் ராமானந்த் வழக்கில் மரண தண்டனை விதிக்கப்பட்ட ஒருவரை விடுதலை செய்தபோது இந்த மகஜர் விஷயத்தைத்தான் விரிவாகப் பேசியது. குற்றம் சாட்டப்பட்டவர் ஏதோ காட்டித் தருகிறேன் என்றால், விசாரணை அதிகாரி முதலில் இரண்டு சுதந்திரமான சாட்சிகளை வரவழைக்க வேண்டும். அவர்கள் காதுபட அவர் சொல்ல வேண்டும், அதை அவர் சொன்ன வார்த்தைகளிலேயே எழுத வேண்டும். பிறகு எல்லோருமாகக் கிளம்பிப் போக வேண்டும். அப்படிப் போனால்தான் அந்த வாசகத்துக்கு நம்பகம் வரும் என்றது. இது வந்து மூன்று வருஷத்துக்கு மேல் ஆகிறது. எங்கள் பக்கத்து நிலையங்களில் இதன் நிழல்கூட விழவில்லை.

புதுச் சட்டம் வந்ததும் நான் நம்பினேன். சன்ஹிதாவின் 105-ஆம் பிரிவு நல்ல பிரிவு. சோதனை, கைப்பற்றுதல், பட்டியல் தயாரித்தல், அதில் சாட்சிகள் கையெழுத்துப் போடுதல் எல்லாவற்றையும் ஒலி, ஒளியோடு பதிவு செய்ய வேண்டும், முடிந்தவரை செல்போனில். பதிவைத் தாமதமின்றி நடுவருக்கு அனுப்ப வேண்டும். இதற்கென இ-சாக்ஷ்யா என்று ஒரு செயலியும் இருக்கிறது. கையெழுத்துப் போடுவதையே படம் எடுக்க வேண்டும் என்று சட்டம் எழுதியவர்கள் எங்களைப் போன்றவர்களின் கதை தெரிந்துதான் எழுதியிருக்கிறார்கள் என்று சந்தோஷப்பட்டேன்.

சில மாதங்களுக்கு முன்னால் என் கடைக்குப் பக்கத்தில் டீக்கடையில் வேலை பார்க்கும் தம்பியைக் கூட்டிப் போனார்கள். திரும்பி வந்து அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். பொருள்கள் ஏற்கெனவே வெளியே எடுத்து வைக்கப்பட்டிருந்தன. அவனும் இன்னொருவரும் வந்த பிறகு எல்லாவற்றையும் திரும்பப் பைக்குள் போட்டார்கள். ஒருவர் போனைப் பிடித்துக்கொண்டார். "இப்ப திறங்க" என்றதும் பையைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்தார்கள். இவன் கையெழுத்துப் போடுவதும் பதிவானது. அழகாக, வெளிச்சமாக, தெளிவாக.

என்னுடைய வெற்றுத் தாளுக்குப் பதில் இப்போது ஒரு வீடியோ. இது என் விஷயத்தைவிட மோசம். தாளில் இருப்பதை நான் கூண்டில் ஏறி மறுக்க முடிந்தது. நாளைக்கு அந்தத் தம்பி மறுத்தால், "இதோ நீயே நின்று கையெழுத்துப் போடுகிறாய், பார்" என்று திரையில் காட்டுவார்கள். சாக்ஷ்ய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவு மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் கேட்கிறது, கோப்பின் ஹாஷ் எண்ணையும் அதில் குறிக்கச் சொல்கிறது. கோப்பு உண்டான பிறகு யாரும் கை வைக்கவில்லை என்பதை அந்த எண் காட்டும். கேமரா ஓடத் தொடங்குவதற்கு முன்னால் என்ன நடந்தது என்பதை எந்த எண்ணும் காட்டாது. பொய்யாக நடத்திய ஒன்றை உண்மையாகப் பதிவு செய்தால் அதற்கும் ஹாஷ் எண் சரியாகவே வரும். இதை நீதிபதிகள் தயவுசெய்து மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். வீடியோ இருக்கிறதா என்று மட்டும் பார்க்காமல், அது எந்த இடத்தில் தொடங்குகிறது என்று பாருங்கள்.

நிலையத்துக் கேமராக்கள் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2020 டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வைக்க வேண்டும், பதிவுகளை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், அந்த வசதியுள்ள கருவி கிடைக்காவிட்டால் குறைந்தது ஒரு வருஷமாவது வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. அதே வருஷம் ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் அடித்த அடியில் தந்தையும் மகனும் இறந்துபோனதை நம் மாநிலம் மறக்காது. விசாரிக்கப் போன நீதித்துறை நடுவர், நிலையத்துக் கேமராப் பதிவுகள் தினமும் தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததாக உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு எழுதினார். அங்கே உண்மை வெளியே வந்ததற்கு, அதே நிலையத்தில் பணியில் இருந்த ஒரு பெண் தலைமைக் காவலர் துணிந்து சொன்ன சாட்சியம் பெரிய காரணம். அவருக்கு நடுவர் காதுகொடுத்தார், பாதுகாப்பும் வந்தது. ஒரு சாட்சிக்கு அது போதும்.

நான் கையெழுத்துப் போட்ட நிலையத்தின் வாசலிலும் ஒரு கேமரா இருந்தது. எட்டரை மணிக்கு நான் உள்ளே நுழைந்ததும் ஐந்து நிமிஷத்தில் வெளியே வந்ததும் அதில் கட்டாயம் பதிவாகியிருக்கும். ஆனால் என்னைக் கூண்டில் ஏற்றியது ஐந்து வருஷத்துக்கு மேல் கழித்து. 18 மாதம் வைத்திருந்தாலும் எனக்கு அது உதவாது. பதிவு வைத்திருக்கும் காலத்துக்கும் வழக்கு நடக்கும் காலத்துக்கும் சம்பந்தமே இல்லாமல் இருக்கிறது.

இப்போது நான் கேட்பது.

காவல்துறைத் தலைமை இயக்குநர் அவர்களே, சாட்சி கிடைக்காவிட்டால் கிடைக்கவில்லை என்றே எழுதுங்கள், அதற்காக எந்த அதிகாரியும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்று எல்லா நிலையங்களுக்கும் சுற்றறிக்கை அனுப்புங்கள். வெளியில் நடந்த கைப்பற்றுதலுக்கு நிலையத்துக்குள் சாட்சிக் கையெழுத்து வாங்கக் கூடாது. வெறும் தாளில் வாங்கினால் துறை நடவடிக்கையும் வழக்கும் உண்டு என்று அதில் தெளிவாக இருக்கட்டும். மகஜரின் கீழே சாட்சி தன் கையாலேயே ஒரு வரி எழுத வேண்டும்: எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, என்ன பார்த்தேன் என்று. எழுதத் தெரியாதவர் என்றால் அதைச் சொல்லச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். ஒரு நகலை அங்கேயே அவர் கையில் கொடுங்கள். இதற்குப் பணம் ஒன்றும் ஆகாது. அன்று என்னிடம் அந்த ஒரு வரியை எழுதச் சொல்லியிருந்தால், என்னால் எழுதியிருக்கவே முடியாது. அங்கேயே நின்றிருக்கும்.

105-ஆம் பிரிவுப் பதிவு எங்கே தொடங்க வேண்டும் என்று விதி செய்யுங்கள். குற்றம் சாட்டப்பட்டவர் பேசத் தொடங்கும் இடத்திலிருந்து பொருளுக்கு முத்திரை வைப்பது வரை ஒரே ஓட்டமாக இருக்க வேண்டும். நடுவில் நின்றால் ஏன் நின்றது என்று அதிலேயே சொல்ல வேண்டும். அதன் நகல் குற்றம் சாட்டப்பட்டவருக்கும் போய்ச் சேர வேண்டும்.

உள்துறைச் செயலாளர் அவர்களே, ஒரு வழக்கு பதிவானதும் அந்த நாளுக்குரிய நிலையக் கேமராப் பதிவைத் தனியாக எடுத்து, வழக்கு மேல்முறையீடு வரை முடியும் மட்டும் பாதுகாக்க உத்தரவிடுங்கள். அது நிலையத்தின் பொறுப்பில் இல்லாமல் வேறு இடத்தில் இருக்கட்டும். சன்ஹிதாவின் 398-ஆம் பிரிவு ஒவ்வொரு மாநிலமும் சாட்சிப் பாதுகாப்புத் திட்டம் அறிவிக்க வேண்டும் என்கிறது. எதிரிக்குப் பயப்படும் சாட்சிக்குக் கிடைக்கும் பாதுகாப்பு, காவல் நிலையத்துக்குப் பயப்படும் சாட்சிக்கும் கிடைக்கும் என்று அதில் எழுதுங்கள். சாட்சி சொன்ன நாளிலிருந்து என் கடைக்கு நிலையத்திலிருந்து யாரும் நகலெடுக்க வருவதில்லை. அது பரவாயில்லை. ராத்திரி பத்து மணிக்கு ஷட்டருக்கு வெளியே வண்டி வந்து நின்று போவதுதான் என் மனைவியைப் பயமுறுத்துகிறது.

உயர் நீதிமன்றத்திடம் நான் வேண்டுவது: "நிலையத்தில் வைத்துக் கையெழுத்து வாங்கினார்கள்" என்று ஒரு மகஜர் சாட்சி சொன்னால், பிறழ் சாட்சி என்று அறிவித்து அனுப்புவதோடு நிறுத்தாமல், அது உண்மையா பொய்யா என்று விசாரித்து ஒரு முடிவைப் பதிவு செய்யும்படி கீழ் நீதிமன்றங்களுக்கு வழிகாட்டுங்கள். நான் பொய் சொல்லியிருந்தால் தண்டியுங்கள், பொய் சாட்சிக்கு ஏழு வருஷம் வரை தண்டனை உண்டு என்று எனக்கு ஏற்கெனவே எச்சரிக்கை வந்துவிட்டது. நான் சொன்னது உண்மை என்றால் அந்த மகஜரை எழுதியவரிடம் கேளுங்கள். அப்புறம், வந்து நிற்கும் சாட்சியை அன்றே விசாரியுங்கள்.

கடைசியாக அந்த மூன்றாவது தாள். என் கையெழுத்தோடு, மேலே ஒன்றும் எழுதாமல், 2019-லிருந்து எங்கேயோ இருக்கிறது. அதில் யாருடைய பெயரை, எந்தக் கிணற்றை, எந்த நேரத்தை எழுதினாலும் நான் பார்த்ததாகவே ஆகிவிடும். அந்த வழக்கின் கோப்பை வரவழைத்து அதைத் தேடுங்கள். கிடைத்தால் நான் பார்க்கும்படி ரத்து செய்யுங்கள். கிடைக்காவிட்டால், அந்தக் கையெழுத்து எந்த ஆவணத்தில் வந்தாலும் செல்லாது என்று எனக்கு எழுத்தில் தாருங்கள். எந்த நாள், எங்கே கூப்பிட்டாலும் கடையை மூடிவிட்டு வருகிறேன்.

இப்படிக்கு,
அந்த வழக்கின் மகஜர் சாட்சி